எடை பார்த்துக் கதவு திறக்கும் வீடு

வெள்ளியங்கிரி அதுவரை ஒரு வீட்டுக்குக்கூட ஸ்மார்ட் ஹோம் வேலை செய்ததில்லை. பேசுவதற்கு அது அவருக்கு மிகவும் வசதியாக இருந்தது. செய்திருந்தால், என்ன நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அல்லவா பேச வேண்டும்?

கோபிசெட்டிபாளையத்தில் இருபது வருடம் இன்வெர்ட்டர் விற்றவர் அவர். அந்தக் காலத்திலேயே, தாம் மாட்டிய இன்வெர்ட்டர் ஒன்று தெரு முழுவதற்கும் வெளிச்சம் கொடுத்துவிட்டு மிச்ச மின்சாரத்தை அடுத்த தெருவுக்கு அனுப்பியது என்று சொல்லியிருக்கிறார். பிறகு கோயம்புத்தூரில் பத்து நாள் பயிற்சி எடுத்தார். திரும்பி வந்ததும் கடைப் பலகையை அழித்து, ‘ஸ்மார்ட் ஹோம், கேமரா, வீட்டுப் பாதுகாப்பு’ என்று புதிதாக எழுத வைத்தார். எட்டு மாதம் ஆயிற்று. பலகையைப் படித்தவர்கள் உள்ளே வந்து, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவர் மனைவியின் தம்பி, அந்த இடத்தில் செல்போன் கடை வைக்கக் காத்திருந்தான். “ஆடி முடியறதுக்குள்ள ஒரு வீடாவது புடிங்க. இல்லீன்னா கடைச் சாவிய அவன்கிட்டக் குடுத்துப்போடுங்க” என்று மனைவி சொல்லிவிட்டார். ஆடி முடிய நான்கு நாள் இருந்தது.

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் ஊருக்கு வெளியே, கோகிலவாணி டீச்சர் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் நடுக்கூடத்தில் வெள்ளியங்கிரி தோள்பையோடு நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. செங்கல் சுவர்கள் பூச்சுக்குக் காத்திருந்தன. கேமராவுக்கும் மற்றவற்றுக்கும் ஒயர் போக வேண்டும் என்றால், பூசுவதற்கு முன்பே சுவரை வெட்டிக் குழாய் பதித்தாக வேண்டும். பூசிவிட்டால் பிறகு அந்தப் பேச்சே கிடையாது. அதனால் மேஸ்திரி கருப்பணன் சிமெண்டையும் மணலையும் கலந்து குவித்து, தண்ணீர் ஊற்றாமல் நிறுத்தி வைத்திருந்தார். லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒயர் இழுக்கும் எலக்ட்ரீஷியன் சென்னியப்பன் ஏணியின் நாலாவது படியில் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து கேட்க வேண்டிய விஷயம் இது இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கோகிலவாணி டீச்சர் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருபவர். சிமெண்ட் மூட்டையின்மேல் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டு.

“பத்து மணிக்கு மேஸ்திரி பூச ஆரம்பிக்கணும். அதுக்குள்ள சொல்லுங்க. இந்த வீட்டுக்கு உங்களால என்ன செய்ய முடியும்?” என்றார்.

இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

“அதைச் சொல்றதுக்கு முன்னாடி, மத்த வீடுகளுக்கு என்ன செஞ்சேன்னு சொல்லிப்போடறனுங்க டீச்சர்” என்றார் வெள்ளியங்கிரி.

டீச்சர் பேனா மூடியைத் திறந்தார்.

“சத்தியமங்கலத்துல ஒரு அரிசி மில் ஓனருங்க. சாயங்காலம் அவரு பைக் ஆத்துப் பாலத்துல ஏறுனா போதும், இங்க வீட்டுல விளக்கு எரியும், ஃபேன் சுத்தும், கெட்டில்ல தண்ணி கொதிக்கும். அவரு வந்து செருப்பக் கழட்டறப்ப டீத்தூள் போடற பதத்துல இருக்கும்.”

“பாலத்துல லாரி நின்னு, வழி அடைச்சுக்கிச்சுன்னா?” ஏணியில் இருந்து கேள்வி வந்தது.

வெள்ளியங்கிரிக்கு இந்தச் சென்னியப்பனை முதலில் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி பிடித்திருந்தது. யாராவது கேட்டால்தான் அவருக்கு அடுத்தது வரும்.

“நல்லாக் கேட்ட தம்பி. தண்ணி ஆறிப்போகுமே. அதனால வீடே அவருக்குப் போன் போடும். ‘எங்க இருக்கீங்க, எத்தன மணிக்கு வருவீங்க’ன்னு கேக்கும்.”

“அதைக் கேக்கறதுக்கு அவருக்குச் சம்சாரம் இல்லீங்களாண்ணா?”

“இருக்காங்க. சம்சாரம் கேட்டா, பாதி வழி வந்துட்டேன்னு மில்லுல உக்காந்துக்கிட்டே சொல்லலாம். வீட்டுக்கிட்டச் சொல்ல முடியுமா? அது பாலத்தப் பாத்துக்கிட்டே இருக்குது. இப்ப அந்தம்மா கேக்கறதையே விட்டுட்டாங்க. வீடு கேக்கறதை அடுப்படியில இருந்து கேட்டுக்கறாங்க.”

மேஸ்திரி கருப்பணன் ஒரு செங்கல்லைத் தள்ளிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அவருக்குக் கதை என்றால் கலவை காய்வது தெரியாது. கலவையோ இன்னும் நனையவே இல்லை.

“அந்தியூர்ல ஒரு வீடு. அங்க கேட்டுல வெச்ச கேமரா வேற மாதிரிங்க. யாரு வர்றாங்கன்னு பாக்கற கேமரா கடைக்குக் கடை விக்கிது. எதுக்கு வர்றாங்கன்னு பாக்கறது நம்மதுதான். கல்யாணப் பத்திரிகை குடுக்க வர்றவங்கன்னா உடனே கதவு தொறந்து ஃபேன் போட்டுரும். நன்கொடைன்னு நோட்டுப் புஸ்தகத்தோட வந்தா, உள்ள நாய் குரைக்கும்.”

“நாய் வளக்கறாங்களா?”

“நாய் எதுக்குங்க மேஸ்திரி? குரைப்பு இருந்தாப் போதுமே. அதைக் கூடப் பெருசாச் சொல்ல மாட்டனுங்க. அங்க ஒரு பெரியவர் வருவாரு. வந்தா எந்திரிக்க மாட்டாரு. அவரு மாமனார் ஊர்ல கெணறு வெட்டுனதுல ஆரம்பிப்பாரு. அவரு உக்காந்து சரியாப் பதினோராவது நிமிசம், உள்ள போன் அடிக்கும். ஓனரு எடுத்து, ‘அப்படியா, இதோ வர்றேன்’னு சட்டையை மாட்டுவாரு. அந்தப் பக்கம் யாருமில்ல. வீடுதான் பேசுது.”

“பெரியவர் கண்டுபுடிச்சிருப்பாரே” என்றார் சென்னியப்பன்.

“புடிச்சாரு. ஒரு நாள் மருமகன் சட்டையைப் போட்டு, குல்லா வெச்சு, கூலிங் கிளாஸ் மாட்டி வந்தாரு. கேமராவுக்கு மூஞ்சி தெரியல. ஆனா கேட்டுக்கிட்ட வந்து தொண்டையக் கனைச்சாரு பாருங்க, அந்தக் கனைப்புலயே புடிச்சுருச்சு. அன்னிக்கு அவரு உக்காரறதுக்கு முன்னாடியே போன் அடிச்சுருச்சு. இப்பல்லாம் அவரு தெருமுனையில வர்றப்பவே கேமரா அந்தப் பக்கம் திரும்பிக்கிது. மனுசங்க செய்யற மாதிரியே.”

மேஸ்திரி சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார். டீச்சர் எழுதுவதைப் பார்க்கப் பார்க்க வெள்ளியங்கிரிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு வாக்கியத்தை ஆரம்பிக்கும்போது அது எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரியாது. முடிந்ததும் ஒருவர் அதை எழுதியும் வைத்தால், அது நடந்துவிட்டது போலவே இருந்தது. ஒரு சொல்லையும் விடாமல் குறித்துக்கொள்கிறவர் வேலையை வேறு யாருக்குக் கொடுக்கப்போகிறார்?

“பவானியில ஒரு புதுவீடு புகுறாங்க” என்று குரலைத் தாழ்த்தினார். “விடியக்காலம் முகூர்த்தம். வீட்டு ஆளுங்க, பங்காளிங்க, சமையல்காரர், மேளக்காரர், எல்லாத்து மூஞ்சியும் கதவுல பதிஞ்சு வெச்சிருந்தேன். ஒண்ணே ஒண்ணு மறந்துபோச்சு.”

“அய்யரா?” என்றார் மேஸ்திரி.

“மாடுங்க. முதல்ல உள்ள போக வேண்டியதே அதுதான். மாடு வாசல்ல வந்து நிக்குது, கதவு பாக்குது, ‘பதிவு இல்லை’ங்குது. அய்யரு கடிகாரத்தப் பாக்கறாரு. நல்ல நேரம் முடிய ஆறு நிமிசம். நான் போனை எடுத்து மாட்டு மூஞ்சியப் படம் புடிச்சேன். பேரு கேட்டுச்சு, போட்டேன். வயசு கேட்டுச்சு, போட்டேன். குடும்பத் தலைவருக்கு என்ன உறவுன்னு கேட்டுச்சு.”

ஏணியில் சென்னியப்பன்கூடக் காத்திருந்தார்.

“பெரியம்மான்னு போட்டனுங்க. கதவு தொறந்துருச்சு. மாடு உள்ள போச்சு. பின்னால கன்னுக்குட்டி. அதைப் பதியல. படக்குன்னு கதவு சாத்திருச்சு. கன்னு வெளிய, தாய் உள்ள. கன்னு கத்துது பாருங்க, மேளக்காரர் வாசிக்கறதை நிறுத்திட்டாரு. அப்பத்தான் அந்த வீடு ஒரு வேலை செஞ்சுச்சு. நான் சொல்லித் தரலைங்க. அதுவாச் செஞ்சுச்சு. வாசல் ஸ்பீக்கர்ல, தாய்மாட்டுக் குரல்லயே ஒரு தடவை ‘ம்மா’ன்னுச்சு. கன்னு வாயை மூடிருச்சு.”

“அடடா” என்றார் மேஸ்திரி.

“அதோட முடியலைங்களே. அந்தத் தெரு மாடு மொத்தமும் இப்பக் காலையில அந்த வாசலுக்கு வந்துருது. வீடு கத்துனாத்தான் பால் விடுது. பால்காரர் கேனை அங்கயே கொண்டாந்து வெச்சுட்டாரு.”

“வீட்டுக்காரங்களுக்குப் பால் செலவு மிச்சம்” என்று சென்னியப்பன் டீச்சரைப் பார்த்துச் சொன்னார். “டீச்சர், மணி ஒன்பதே முக்கால். இவரு இன்னும் ஒரு ஸ்க்ரூவப் பத்திக்கூடச் சொல்லலைங்க. பாதுகாப்புன்னு போர்டுல எழுதியிருக்காரே, அதையாச்சும் கேளுங்க.”

“பாதுகாப்பா?” வெள்ளியங்கிரி பையை இறக்கிக் கீழே வைத்தார். கைகள் இரண்டும் வேண்டியிருந்தன. “பெருந்துறையில ஒரு பனியன் வியாபாரி வீடு. அங்க கதவுக்குப் பூட்டே கிடையாதுங்க. வாசப்படிக்கு உள்பக்கம் ஒரு டைல்ஸ் பதிச்சேன். தராசு டைல்ஸ். உள்ள வர்றப்ப என்ன எடையோ, வெளிய போறப்பவும் அதே எடை இருந்தாத்தான் கதவு தொறக்கும். ஒரு ஸ்பூனை எடுத்து மடியில சொருகுனாலும் போச்சு.

“பட்டப்பகல்ல, வீட்டுல ஆளில்லாத நேரம், பதினோரு மணிக்கு ஒரு திருடன் உள்ள வந்தான். அறுபத்தோரு கிலோ நானூறு கிராம். வெள்ளிச் சாமான எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு டைல்ஸ் மேல நின்னான். தொறக்கல. ‘ஒன்பது கிலோ அதிகம் இருக்குது’ன்னு வீடு சொல்லுச்சு. குரலக் கேட்டதும் அவனுக்கு உசுரே போயிருச்சு. எடுத்ததையெல்லாம் இருந்த எடத்துலயே வெச்சுட்டு வந்து நின்னான். அப்பவும் தொறக்கல.”

“ஏன்?” என்று கேட்டது சென்னியப்பன்தான். கேட்ட பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது.

“பயத்துல வேர்த்துருச்சு தம்பி. அறுநூறு கிராம் கொறையுது. ‘எதை உள்ள விட்டுட்டுப் போறே’ன்னு வீடு கேக்குது. அது நாணயமான வீடு. அடுத்தவன் பொருளும் அதுக்கு வேண்டாம். அவன் என்ன பண்ணுவான்? ஃப்ரிட்ஜைத் தொறந்து பணியாரம் எடுத்துத் தின்னான். பயத்துல கணக்குத் தெரியல, எரநூறு கிராம் ஏறிப்போச்சு. கூடத்துல சுத்திச் சுத்தி ஓடுனான். எறங்குச்சு, ஆனா நூறு கிராம் கூடவே எறங்கிருச்சு. தண்ணி குடிச்சான். ஏறுச்சு. ஓடுனான். அஞ்சு மணிக்கு ஓனரு வந்து பாக்கறப்ப, அவன் ஒரு கையில மருந்து ஊத்தற மூடியை வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு மூடியாத் தண்ணி குடிச்சு நின்னு பாத்துக்கிட்டு இருக்கான். ஓனரக் கண்டதும் அழுதுட்டான். ‘அண்ணா, இன்னும் பதினஞ்சு கிராமுதாண்ணா’ன்னான்.”

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவர் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. நடந்ததைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“ஏனுங்க, அப்ப அந்த வீட்டுக்குப் புதுவீடு புகுறன்னிக்கு விருந்துக்கு வந்தவங்க எப்படிங்க வெளிய போனாங்க? சாப்பிட்டிருப்பாங்களே.”

வெள்ளியங்கிரி மூச்சை இழுத்துக்கொண்டார்.

“எங்கீங்க போனாங்க? நாப்பது பேரும் இன்னும் அங்கதான் இருக்காங்க. சம்பந்தி ஒருத்தரு மட்டும், மொதப் பந்தியில தன்னைக் கூப்பிடலைன்னு கோவிச்சுக்கிட்டு, பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமக் கெளம்புனாரு. அவரு ஒருத்தருதான் வெளிய வந்தாரு.”

சென்னியப்பன் ஏணியில் இருந்து இறங்கினார். கையைத் தட்டித் தூசியை உதறினார்.

“டீச்சர், என் வண்டி வெளிய நிக்கிது. பெருந்துறை எவ்வளவு தூரமுங்க? நாம மூணு பேரும் போய் அந்த டைல்ஸ் மேல நின்னு பாத்துட்டே வந்துடலாம். பாத்துட்டு வந்தா அண்ணனுக்கே வேலையக் குடுத்துடுங்க. நான் ஒண்ணும் சொல்லல.”

வெள்ளியங்கிரிக்குக் கடைச் சாவி, மச்சினன், ஆடியில் மிச்சம் இருந்த நான்கு நாள் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. ஆனால் வாய் அவரைக் கைவிடவில்லை. அது எப்போதும் அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

“பாக்க முடியாதே தம்பி. அந்த வீடு தன்னைத் தானே பாதுகாத்துப் பாதுகாத்து, இப்பத் தன் அட்ரஸையே யாருக்கும் குடுக்கறதில்ல. மேப்புல தேடுனா அந்த எடத்துல வாழைத் தோட்டம்னு காட்டுது. போஸ்ட்மேன் மூணு தடவை வந்து தோட்டத்தப் பாத்துட்டுப் போயிட்டாரு. ஓனரே ஒரு நாள் கடைக்குப் போயிட்டு வந்து வீட்டக் காணாம, இப்ப எதிர் வரிசையில வாடகைக்கு இருக்காரு. தெனமும் மாடியில சேர் போட்டு உக்காந்து, வீடு எந்தப் பக்கம் தெரியும்னு பாத்துக்கிட்டு இருக்காரு.”

“உள்ள இருக்கற நாப்பது பேரு?”

“அவங்கதான் வெளிய வரப்போறதே இல்லியே தம்பி. அவங்களுக்கு அட்ரஸ் எதுக்கு?”

சென்னியப்பன் திரும்பிப் போய் ஏணியின் முதல் படியில் உட்கார்ந்தார். வெள்ளியங்கிரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தன் வாழ்நாளில் இதைவிட நன்றாகப் பேசியதில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

“முடிஞ்சுதுங்களா?” என்றார் கோகிலவாணி டீச்சர்.

“முடிஞ்சுதுங்க டீச்சர்.”

“அப்ப சரி. வேலைய உங்களுக்கே குடுத்துடறேன்.”

மேஸ்திரி எழுந்து நின்றார். சென்னியப்பன் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அதில் எதுவும் தெரியவில்லை.

டீச்சர் நோட்டிலிருந்து ஒரு தாளைச் சீராகக் கிழித்து நீட்டினார். “இந்த வீட்டுல என்னென்ன வேணும்னு எழுதியிருக்கேன். ஒன்பது இருக்குது. படிச்சுட்டுக் கீழ கையெழுத்துப் போடுங்க. உடனே சுவரை வெட்டச் சொல்லிடறேன். உங்களால முடியாதது ஏதாச்சும் இருந்தா அடிச்சுடுங்க. மிச்சம் இருக்கறதுக்குப் போட்டாப் போதும்.”

வெள்ளியங்கிரி தாளை வாங்கினார். அவர் கண் நேராகக் கடைசி வரியில் போய் விழுந்தது. அழகான கையெழுத்து. ‘ஒன்பது: மேப்பில் தேடினால் இந்த வீடு வாழைத் தோட்டமாகத் தெரிய வேண்டும்.’

“இது வேண்டாமுங்க டீச்சர்” என்றார். “கேஸ் சிலிண்டர் வராது.” அடித்தார்.

‘எட்டு: வரும்போதும் போகும்போதும் எடை பார்த்துக் கதவு திறக்க வேண்டும்.’

“அந்த டைல்ஸ் இப்ப வர்றதில்லீங்க. அதோட உங்களுக்குச் சொந்தக்காரங்க ஜாஸ்தி.” அடித்தார்.

‘ஏழு: கன்று கத்தினால் வீடு பதிலுக்குக் கத்த வேண்டும்.’

“இந்தப் பக்கம் மாடு கெடையாதுங்களே.”

“எதுத்த தோட்டத்துல மூணு கட்டியிருக்காங்கண்ணா” என்றார் சென்னியப்பன்.

வெள்ளியங்கிரி எட்டிப் பார்த்தார். மூன்றும் அவரைப் பார்த்தன. “அது ஜெர்சி” என்று சொல்லிவிட்டு, ஏழையும் ஆறையும் சேர்த்து ஒரே கோடாக அடித்தார். ஆறில் பெரியம்மா இருந்தார்.

ஐந்து, பதினோராவது நிமிடப் போன். நான்கு, வருகிறவர் எதற்கு வருகிறார் என்று பார்க்கும் கேமரா. “இதெல்லாம் வீடு பழகறதுக்கே மூணு வருசம் ஆகுமுங்க.” மூன்று, வீடு போன் போட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பது. “அதுக்குத்தான் உங்க வீட்டுக்காரர் இருக்காருங்களே.” இரண்டு, பாலத்தில் ஏறும்போது கெட்டில் கொதிப்பது. இதற்குக் கொஞ்சம் யோசித்தார். “நீங்க வர்ற வழியில பாலமே இல்லீங்களே டீச்சர்” என்றார். சொன்னபோது அவருக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. அன்று காலையில் அவர் சொன்னவற்றில் சரிபார்த்தாலும் உண்மையாக நிற்கக்கூடியது அது ஒன்றுதான்.

மிச்சம் இருந்தது முதல் வரி.

‘ஒன்று: வீட்டைப் பூட்டினேனா இல்லையா என்று, பள்ளிக்கூடத்தில் இருந்தே போனில் பார்க்க முடிய வேண்டும்.’

வெள்ளியங்கிரி அதை இரண்டு முறை படித்தார். இதை எந்த வீட்டில் சொன்னோம்? சத்தியமங்கலமா, அந்தியூரா? பவானியில் மாடு இருந்தது. பெருந்துறையில் பூட்டே கிடையாது. எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சொன்னதாக ஞாபகம் இருக்கிற பொய்க்கே இந்தப் பாடு. எப்போது சொன்னோம் என்றே தெரியாத பொய் எங்கே கொண்டுபோய் விடுமோ? அவர் பேனாவை அழுத்திப் பிடித்து, இதை மட்டும் இரண்டு கோடாக அடித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

டீச்சர் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு மறுபடி மேலே பார்த்தார்.

“முதல் வரியையும் அடிச்சுட்டீங்களே.”

“அது கொஞ்சம் சிரமமுங்க டீச்சர்.”

“அது நீங்க சொன்னது இல்லீங்க. காலையில வீட்டுல இருந்து நானே எழுதிக்கிட்டு வந்தது” என்றார் டீச்சர். “பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, பூட்டுனேனான்னு சந்தேகம் வந்து, தெனமும் திரும்பி வந்து இழுத்துப் பாத்துட்டுப் போறேன். பதினாறு வருசமா முதல் பீரியடுக்கு லேட்டு. எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான்.”

வெள்ளியங்கிரிக்கு அப்போதுதான் புரிந்தது. கோயம்புத்தூரில் இரண்டாம் நாளே சொல்லிக் கொடுத்த வேலை அது. அவர் தம் கடைக் கதவில் மாட்டி, தினமும் பார்த்துக்கொண்டிருப்பதும் அதுதான். கீழே கிடந்த பையைத் திறந்து, தீப்பெட்டி அளவில் வெள்ளையாக ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“இதுதானுங்க டீச்சர். கதவுல ஒட்டுனாப் போதும். சுவத்தை வெட்டக்கூட வேண்டியதில்ல. பூட்டியிருந்தா போன்ல பச்சை, இல்லீன்னா செவப்பு. அவ்வளவுதான். அரை மணி நேர வேலை.” அவர் குரல் தாழ்ந்திருந்தது. கை வீசவில்லை. யார் யார் கேட்கிறார்கள் என்று சுற்றிப் பார்க்கவில்லை. “நிசமாலுமே முடியுமுங்க.”

சென்னியப்பன் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி, அதையும் வெள்ளியங்கிரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற முகத்தோடு நின்றார். ஆனால் அவர் பெருந்துறை வீட்டையும் நம்பியவர்.

கோகிலவாணி டீச்சர் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். தாளை நான்காக மடித்து நோட்டுக்குள் வைத்தார்.

“மேஸ்திரி, தண்ணி ஊத்திக் கலவையப் போடுங்க” என்றார். பிறகு வெள்ளியங்கிரி பக்கம் திரும்பி, மாணவனுக்குத் தப்புக் கணக்கைக் காட்டுகிற அதே பொறுமையோடு சொன்னார்: “மத்த எட்டையும் நிசமாலுமே செஞ்சதாத்தானுங்களே சொன்னீங்க.”